விருந்தில் ஊற்றுவது யாருடைய விளைச்சல்?

இயற்கை உழவர் பத்திரிகையில் ஷாம்பெயின் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் குடிக்கிறவன் இல்லை. எங்கள் அண்ணனை 46 வயதில் ஈரல் கெட்டுப் பறிகொடுத்த குடும்பம் எங்களது. அவர் குடித்தது கள்ளும் இல்லை, காய்ச்சின சாராயமும் இல்லை. அரசாங்கக் கடையில் பில் போட்டு வாங்கிய சரக்கு. அதனால் குடியைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எழுந்து போய்விடுவது என் வழக்கம்.

ஆனாலும் போன டிசம்பரில் ஒரு விருந்தில் உட்கார்ந்தேன். அங்கே ஊற்றிய ஒரு பாட்டில், நம் நெல்லைப் பற்றியும் பனையைப் பற்றியும் கரும்பைப் பற்றியும் என்னை நிறைய யோசிக்க வைத்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம், புதுச்சேரி எல்லையை ஒட்டியது. அக்காவைப் புதுச்சேரியில் கொடுத்தோம். மாமாவோட அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நம்ம பக்கத்தில் ‘சொல்தா’ குடும்பம் என்பார்களே, அது. முப்பது வருஷமாக அக்கா பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறாள். ‘ஒரு தடவையாவது கிறிஸ்துமசுக்கு வாடா தம்பி’ என்று வருஷா வருஷம் கூப்பிடுவாள். சம்பா நடவு, களை என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை மருமகனே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான்.

டிசம்பர் 24 ராத்திரி. பூசை முடிந்து வந்து சாப்பாடு. அந்த ஊர் வழக்கப்படி மேசையில் பச்சைச் சிப்பி, வான்கோழி, மரக்கட்டை மாதிரி உருட்டிச் செய்த கேக். அதோடு நம்ம புதுச்சேரி விவிக்கம் கேக்கும் அக்கா கையால் செய்தது இருந்தது. எல்லாரும் உட்கார்ந்ததும் மருமகன் ஐஸ் வாளியிலிருந்து ஷாம்பெயின் பாட்டிலை எடுத்தான். சினிமாவில் வருகிற மாதிரி குலுக்கிப் பீய்ச்சி அடிப்பான் என்று நினைத்தேன். அதெல்லாம் செய்யவில்லை. கம்பியை அவிழ்த்தான். தக்கையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். இன்னொரு கையால் பாட்டிலை மெதுவாகத் திருப்பினான். ‘ஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம். அவ்வளவுதான்.

“சத்தம் வரக்கூடாது மாமா. உள்ள 6 பார் அழுத்தம். கார் டயர்ல இருக்கறதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. அசந்தா தக்கை கண்ணுல அடிச்சிடும்” என்றான்.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நுரை அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். முக்கால் லிட்டர் பாட்டில். ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ். என் முறை வந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள். “அவனுக்கு வேணாம், திராட்சைச் சாறு இருக்கு” என்று அவளே சொல்லிவிட்டாள். மருமகன் விடவில்லை. “குடிக்க வேணாம் மாமா, வாசனை மட்டும் பாருங்க” என்று கிளாஸை நீட்டினான்.

முகர்ந்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதில் தாத்தாவோடு பனந்தோப்புக்குப் போனால் விடிகாலையில் இறக்கின பானையில் வருமே, அந்த ஈஸ்ட் புளிப்பு வாசம். அதோட தம்பி மாதிரி ஒரு வாசம்.

“இதுக்குத் திராட்சை யார் போட்டது?” என்று கேட்டேன். உழவன் வேற என்ன கேட்பான்! மருமகன் லேபிளைத் திருப்பிப் பார்த்துக் கம்பெனிப் பேரைச் சொன்னான். “அது பாட்டில்காரன். திராட்சை போட்டவன் யாரு?” அவனுக்குத் தெரியவில்லை. விலை 36 யூரோவாம். “அப்ப தெரிஞ்சுக்கிட்டு வரலாம் மாமா, ரயில்ல ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது” என்றான். மூன்று நாள் கழித்துப் போனோம்.

நுரை எங்கிருந்து வருது?

ஷாம்பெயின் என்பது முதலில் ஓர் ஊர்ப்பக்கத்தோட பேர். பாரிசுக்குக் கிழக்கே ரான்ஸ், எப்பர்னே என்று இரண்டு நகரங்கள். அவற்றைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மண் மேடுகளில் சுமார் 34,000 எக்டேர் திராட்சை. ஏறக்குறைய 16,000 விவசாயக் குடும்பங்கள். ஆளுக்குச் சராசரி 2 எக்டேர்தான் வருகிறது. நம்ம கணக்கில் 5 ஏக்கர். பெரிய பண்ணையார் தேசம் என்று நினைத்துப் போன எனக்கு இது முதல் ஆச்சரியம்.

நுரை வருகிற விதம் நமக்குப் புரியாத வித்தை ஒன்றும் இல்லை. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயச் சத்தும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. முதல் தடவை புளிக்கும்போது வாயு வெளியே போய்விடும். பிறகு அந்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்டும் சேர்த்து இறுக மூடிவிடுகிறார்கள். மறுபடி புளிக்கும். இந்தத் தடவை வாயுவுக்குப் போக இடமில்லை. ஒயினிலேயே கரைந்து நிற்கும். நிலவறையில் குறைந்தது 15 மாதம் கிடக்கணும் என்பது சட்டம். ஒரே வருஷத் திராட்சை என்று லேபிளில் ஆண்டு போட்டால் 3 வருஷம். பிறகு பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, அதை மட்டும் வெளியேற்றி மறுபடி தக்கை அடிக்கிறார்கள்.

நம்ம பனங்கள்ளிலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே 15 மாதம், இங்கே 15 மணி நேரம்கூட வேண்டாம். பானையில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஷாம்பெயினில் சாராயச் சத்து சுமார் 12 சதவீதம். கள்ளில் அதில் பாதிகூட இருக்காது. அவர்கள் அதைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறையில் வைத்துப் பூசை பண்ணுகிறார்கள். அந்த நிலவறைகளும் மேடுகளும் 2015-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டன. நம்ம ஊரில் பானையோடு மரத்திலிருந்து இறங்கினால் போலீஸ்காரர் கீழே நிற்கிறார்.

இது எப்படி ஆச்சு? அவர்கள் மேல்சாதி மது, நம்முடையது கீழ்சாதி மது என்பதாலா? பாதிக் காரணம் அது. மீதிப் பாதி, அந்த விவசாயிகள் போட்ட சண்டை.

1911

நாங்கள் பார்க்கப் போனது நாலு எக்டேர் வைத்திருக்கும் ஒரு பெரியவர். எழுபது வயதிருக்கும். அந்தக் குளிரில் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தார். வெட்டின குச்சிகளைத் தகரப் பீப்பாய் வைத்த தள்ளுவண்டியில் போட்டு எரித்தபடியே வரிசையில் நகர்கிறார். அவரிடம் மருமகன் மூலம் கேட்ட கதை, பிறகு படித்தும் பார்த்தேன்.

நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் நிலைமை நம்ம நிலைமைதான். திராட்சை போடுகிறவன் ஆயிரக்கணக்கில். வாங்குகிற கம்பெனிகள் சில. வைத்ததுதான் விலை. அதற்கு மேல் வேர்ப்பூச்சி வந்து கொடிகளைத் தின்றது. 1910-இல் மழையும் பூஞ்சாணமும் சேர்ந்து விளைச்சலை அடியோடு அழித்தன. அந்த நேரத்தில் சில கம்பெனிகள் என்ன செய்தன? வெளி மாகாணங்களிலிருந்து மலிவு ஒயினை ரயிலில் கொண்டுவந்து, இங்கே நுரை ஏற்றி, ஷாம்பெயின் என்று பேர் ஒட்டி விற்றன.

1911 ஜனவரியில் டாமெரி என்ற ஊரில் விவசாயிகள் அந்த ஒயின் வண்டிகளை மறித்து மார்ன் ஆற்றில் கொட்டினார்கள். ஏப்ரலில் அய் என்ற ஊரில் கலவரம். கம்பெனிக் கட்டடங்கள் எரிந்தன, நிலவறைகள் உடைந்தன, பட்டாளம் வந்தது. தெற்கே ஓப் பகுதி விவசாயிகளுக்கு வேறொரு கோபம். அரசாங்கம் போட்ட எல்லைக் கோட்டில் அவர்களை விட்டுவிட்டது. அவர்களும் தெருவில் இறங்கினார்கள். எல்லை கடைசியில் 1927 சட்டத்தில்தான் தீர்ந்தது, அவர்களையும் சேர்த்து.

எரித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் கவனிக்கணும். 1936-க்குள் பேருக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கினார்கள். 1941-இல் ஒரு குழு அமைந்தது. அதில் விவசாயிகள் தரப்பில் ஒரு தலைவர், கம்பெனிகள் தரப்பில் ஒரு தலைவர். சமமாக. இன்றைக்கும் அந்தக் குழுதான் எல்லாம். ஒரு எக்டேரில் எவ்வளவு கிலோவுக்கு மேல் பறிக்கக்கூடாது என்று வருஷா வருஷம் அதுதான் முடிவு செய்கிறது. 2024-க்கு 10,000 கிலோ. 2025-க்கு 9,000 கிலோ. விற்பனை குறைந்தால் விலையை இறக்கி விவசாயி தலையில் கட்டுவதில்லை, பறிப்பதைக் குறைக்கிறார்கள். கையால்தான் பறிக்கணும், இயந்திரம் கூடாது. 4,000 கிலோ திராட்சையில் 2,550 லிட்டருக்கு மேல் சாறு பிழியக்கூடாது. 1990 வரை ஒவ்வொரு அறுவடைக்கும் கிலோ விலையை இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்.

பலன் என்ன? இன்றைக்கு அங்கே திராட்சை கிலோ 6 யூரோவுக்கு மேல் போகிறது. ஒரு பாட்டிலுக்குச் சுமார் 1.2 கிலோ வேணும். அப்படியானால் அக்கா வீட்டில் உடைத்த 36 யூரோ பாட்டிலில் 7 யூரோவுக்கு மேல் விவசாயிக்குப் போயிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பெரியவர் தானே பிழிந்து, தானே பாட்டில் கட்டி, வாசலில் 20 யூரோவுக்கு விற்கிறார். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு எழுத்து இருக்கும். விளைவித்தவரே செய்தது என்றால் ஓர் அடையாளம், கூட்டுறவு என்றால் ஓர் அடையாளம், வாங்கிச் செய்யும் கம்பெனி என்றால் வேறோர் அடையாளம். மருமகன் பத்து வருஷமாக வாங்குகிறவன், அந்த எழுத்துகளை அன்றைக்குத்தான் பார்த்தான்.

நம்ம விருந்துக் கணக்கு

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு நாம் என்ன நுரை ஊற்றுகிறோம்? 2 லிட்டர் கோலா பாட்டில். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வாங்கி வைக்கிறோம். இயற்கை விவசாயி வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் இருந்தது. மறைப்பானேன்.

அந்தப் பாட்டிலில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. மொத்தம் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சர்க்கரைக்கு ஏறக்குறைய 2 கிலோ கரும்பு போதும். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானம் உள்ள கரும்புக்குக் குவிண்டால் 340 ரூபாய். 2 கிலோவுக்கு 7 ரூபாய் கூட ஆகவில்லை. நூறு ரூபாய் பக்கம் கொடுத்து வாங்குகிற பாட்டிலில், உழவன் விளைவித்ததற்கு 7 ரூபாய். அந்த 7 ரூபாயும் கையில் வந்ததா? நான் கரும்பு போட்ட காலத்தில் ஓர் ஆலை எனக்கு இரண்டு வருஷம் பாக்கி வைத்தது. அதுக்கப்புறம்தான் கரும்பை விட்டேன்.

அதே கரும்பின் கழிவுப் பாகிலிருந்துதான் அரசாங்கக் கடைச் சரக்குக்கான எரிசாராயமும் பெரும்பாலும் வருகிறது. எங்கள் அண்ணன் குடித்ததில் நான் போட்ட கரும்பும் இருந்திருக்கலாம். இதை நினைத்து எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

சரி, கரும்பு ஆலைக்குப் போகிற பயிர். நெல்லுக்காவது நம்ம பேர் இருக்கா? எங்கள் ஊரில் நாலு பேர் தூயமல்லி போடுகிறோம். மருந்து இல்லை, உரம் இல்லை, அமுதக்கரைசலும் மீன் அமிலமும்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நகரத்துக் கடை ஒன்று வந்து, ‘உங்க ஊர்ப் பேரையே பையில் போடறோம்’ என்றது. நமக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருஷம் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து கொடுத்தது 1,200 கிலோ அரிசி. ஆடி மாதம் அந்தப் பக்கம் போனபோது கடையில் வேலை செய்யும் பையனிடம் சும்மா விசாரித்தேன். “உங்க ஊர் அரிசி நல்லா ஓடுதுண்ணா, மாசம் 500 கிலோ போவுது” என்றான். கணக்கு போட்டுப் பாருங்கள். மூன்றாவது மாதமே எங்கள் அரிசி தீர்ந்திருக்கணும். மீதியெல்லாம் எந்த ஊர் அரிசி? எந்த மருந்து குடித்த அரிசி? பையில் மட்டும் எங்கள் ஊர்ப் பேர், எங்கள் அம்மன் கோயில் படம்.

1911-இல் மார்ன் ஆற்றங்கரையில் நின்றவனுக்கு வந்த கோபம் இதே கோபம்தான். நான் என்ன செய்தேன்? அடுத்த வருஷம் அந்தக் கடைக்குக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். அவன் பாட்டுக்கு விற்றுக்கொண்டிருக்கிறான். வாங்குகிறவர் எங்கள் ஊரை நம்பி வாங்குகிறார். நாளைக்கு யாராவது அந்த அரிசியைச் சோதித்து மருந்து இருக்கிறது என்று சொன்னால், கெடுவது கடை பேரா, எங்கள் ஊர்ப் பேரா?

அவர்கள் கோட்டை விட்டது

இவ்வளவு சொன்னதால் அங்கே எல்லாம் பொன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெரியவர் என்னை ஒரு வரிசைக்குக் கூட்டிப்போய் மண்ணைக் காலால் கிளறிக் காட்டினார். வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் நீலநீலமாகப் பிளாஸ்டிக் துண்டுகள். நகத்தளவு, சில இடத்தில் பூ உதிர்ந்த மாதிரி. பாரிஸ் நகரக் குப்பையை மக்கவைத்து ‘உரம்’ என்று பல பத்து வருஷம் அந்தத் தோட்டங்களில் கொட்டினார்களாம். 1990-களின் கடைசியில்தான் நின்றது. குப்பைப் பையும் பேட்டரியும் பாட்டில் ஓடும் அதோடு வந்தன. மக்கினது மக்கிப்போச்சு. மக்காதது இன்னும் கிடக்கிறது.

நகராட்சிக் குப்பை உரம் இலவசமாகக் கிடைக்குது என்று நம்ம ஆட்களும் சிலர் லாரியில் ஏற்றுகிறார்கள். பிரிக்காத குப்பையை வயலில் சேர்க்கும் முன் அந்த நீலத் துண்டுகளை ஞாபகம் வையுங்கள்.

களைக்கொல்லியும் அங்கே நிறைய. பேரையும் விலையையும் எல்லையையும் அவ்வளவு கறாராகக் காத்தவர்கள், மண்ணுக்கு அந்தக் கறார் காட்டவில்லை. அங்கீகாரம் பெற்ற இயற்கைத் தோட்டம் இன்றைக்கும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரியவர் பதினைந்து வருஷமாகக் களைக்கொல்லி அடிக்கவில்லை. வரிசைக்கு நடுவே புல் விட்டிருக்கிறார். மழைக்காலப் பூஞ்சாணத்துக்கு மட்டும் மயில்துத்தம் அடிக்கிறார். அதற்கும் ஐரோப்பாவில் அளவு உண்டு. 7 வருஷத்தில் எக்டேருக்கு 28 கிலோ தாமிரம், அதற்கு மேல் கூடாது. ‘அதுவும் மண்ணில் தங்குகிற உலோகம்தானே’ என்று அவரே சொன்னார். பக்கத்துத் தோட்டம் மொட்டையாகப் பழுப்பேறிக் கிடந்தது. இரண்டுக்கும் ஒரே பேர்.

இன்னொன்று, கையால் பறிக்கணும் என்ற விதி. கேட்க அழகாக இருக்கிறது. யார் கை? 2023 செப்டம்பர் அறுவடையில் கடும் வெயிலில் பறிப்பாட்கள் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடையில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை மனிதர் தங்க முடியாத இடத்தில் அடைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. 2025 ஜூலையில் நீதிமன்றம் அதை மனிதக் கடத்தல் என்று சொல்லி மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்தது. அந்த வருஷத் திராட்சையும் நிலவறையில் நுரைத்துக்கொண்டுதான் இருக்கும். கிலோ 6 யூரோவுக்கு விற்கிற ஊரில் இந்தக் கதி.

நாமும் யோசிக்கணும். ‘நஞ்சில்லா உணவு’ என்று பையில் போடுகிறோம். நம்ம வயலில் களை எடுக்கிற அக்காவுக்கு என்ன கூலி கொடுக்கிறோம், மதியம் நிழலில் உட்கார விடுகிறோமா என்பது பையில் இல்லை.

என் கருத்து

சிலர் சொல்வார்கள்: அவர்கள் பணக்கார நாடு, மானியம் உண்டு, நமக்கு ஒத்துவராது. 1911-இல் அவர்கள் பணக்காரர்கள் இல்லை. விலை வந்த பிறகு ஒன்று சேரவில்லை, ஒன்று சேர்ந்த பிறகுதான் விலை வந்தது.

இன்னும் சிலர்: புவிசார் குறியீடு நமக்கும் இருக்கிறதே என்பார்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் கிடைத்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் இருக்கிறது. நல்லதுதான், சந்தோஷம். ஆனால் குறியீடு என்பது சுவரில் மாட்டுகிற சான்றிதழ். விலை பேச, வெளிச்சரக்கு கலப்பதைப் பிடிக்க, எவ்வளவு விற்கலாம் என்று சொல்ல, உழவர்கள் சம பலத்தோடு உட்கார்ந்த ஒரு குழு இல்லை என்றால் அந்தப் பேரையும் வியாபாரிதான் தின்பான். கருப்பட்டியில் சீனி கலப்பது நமக்குத் தெரியாத சங்கதியா?

அதனால் நான் சொல்வது மூன்று.

முதலாவது, பேரைக் கடைக்காரனிடம் கொடுக்காதீர்கள். பங்கேற்பு உறுதிச் சான்று முறையில் ஐந்து உழவர்கள் சேர்ந்தாலே உள்ளூர்க் குழு அமைக்கலாம். ஒருவர் வயலை ஒருவர் பார்க்கணும். அதோடு நிறுத்தாமல், இந்த வருஷம் நம்ம குழுவில் மொத்தம் எத்தனை கிலோ என்று ஒரு கணக்கை எழுதி வெளியே வைக்கணும். பையிலும் அச்சடிக்கணும். 1,200 கிலோ என்று பையிலேயே இருந்தால், மாதம் 500 கிலோ விற்கிற கடைக்காரனை வாங்குகிறவரே கேட்பார். கூலியையும் அந்தக் கணக்கில் எழுதுவோம்.

இரண்டாவது, விதியில் மண்ணை முதலில் வைப்போம். நுரை, ருசி, எல்லை, விலை எல்லாம் பிறகு. அவர்கள் தலைகீழாகச் செய்ததன் விலையைத்தான் நீலத் துண்டாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, பனை. இதை எழுதக் கை நடுங்குகிறது, எங்கள் அண்ணி இதைப் படிப்பார்கள். 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டினால் புதுச்சேரியில் தடை இல்லை, கேரளாவிலும் இல்லை. என் வரப்பில் முப்பத்தெட்டுப் பனை நிற்கிறது. ஏற ஆள் இல்லை. பதநீர் மட்டும் இறக்கி இரண்டு வேளை மரமேறுகிறவருக்குக் கட்டுப்படி ஆகவில்லை. காலையில் விற்காமல் போன பதநீர் புளித்தால் அவர் குற்றவாளி. பிள்ளைகள் வேற வேலைக்குப் போய்விட்டார்கள். மாநில மரம் என்று பேர், செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது. கள் நல்லது, குடியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். குடிக்கிறவன் குடும்பம் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் 40 சதவீதச் சரக்கை அரசாங்கமே கடை திறந்து விற்றுக்கொண்டு, 5 சதவீதம் உள்ள மரத்துப் பாலைக் குற்றம் என்பது மதுவிலக்கு இல்லை. ஒரு வியாபாரத்துக்காக இன்னொரு வியாபாரத்தை அடைப்பது. மூடினால் இரண்டையும் மூடுங்கள், அண்ணி முதல் ஆளாக வந்து கை தட்டுவார்கள். இல்லையென்றால் பனையேறியைக் குற்றவாளி ஆக்காதீர்கள். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நம் இயக்கத்திலேயே நிறையப் பேர் உண்டு, குறிப்பாகப் பெண்கள். அவர்கள் எழுதணும். அதைக் கேட்காமல் இந்த விஷயத்தில் முடிவு எடுக்க ஆண்களுக்கு உரிமை இல்லை.

ஊருக்குத் திரும்பும் முன் டிசம்பர் 30 வந்தது. நம்மாழ்வார் ஐயா நினைவு நாள். வருஷா வருஷம் அன்றைக்கு எங்காவது ஒரு கூட்டத்தில் இருப்பேன். இந்த வருஷம் அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்தேன். பெட்டியில் கொண்டுபோயிருந்த தூயமல்லியை அக்கா பொங்கினாள். மருமகனிடம், ‘இது எந்த வயல் அரிசி தெரியுமா’ என்று நான் கேட்கவில்லை. அவனே கேட்டான். கிணற்றுமேட்டுக் கழனி என்றேன். அவன் சின்னப் பிள்ளையில் அந்தக் கிணற்றில் குளித்திருக்கிறான். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

தை முதல் நாள் எங்கள் வீட்டு விருந்தில் கோலா வாங்கவில்லை. வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை போட்டுப் பானகம் கரைத்தோம். வெல்லம் பக்கத்து ஊர்க் கரும்பில் காய்ச்சினது. கிலோவுக்கு என்ன கொடுத்தேன் என்பதை வந்தவர்களிடம் சொன்னேன். பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பானை காலி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூயமல்லி போடுகிற நாலு பேரும் ஐந்தாவதாக ஓர் ஆளைத் தேடிப் போனோம். பக்கத்துத் தெருவில் ஒருத்தர் இரண்டு வருஷமாக மருந்தை விட்டிருக்கிறார். சேருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை வைத்தார்: ‘என் வயலைப் பார்க்கிற மாதிரி உங்க வயலையும் நான் திடீர்னு வந்து பார்ப்பேன், கோவிச்சுக்கக் கூடாது.’ ஒத்துக்கொண்டோம். மாசி மாதம் அரிசி அடித்ததும் மொத்தக் கிலோவை இந்தப் பத்திரிகைக்கே எழுதி அனுப்புகிறோம்.